காற்றில் தட்டும் பட்டன்: டிரிக் பூஸ்ட் திறமையா, சும்மா கிடைக்கும் சலுகையா?

நள்ளிரவு_கார்ட்
வாராவாரம் மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற கார் பந்தய வீடியோ கேம் ஆடும் எங்கள் கூட்டத்தில் போன ஞாயிறு பெரிய வாக்குவாதம். விஷயம் இதுதான். மேட்டிலிருந்து கார்ட் எழும்பும் நொடியில் ஆர் பட்டனைத் தட்டினால் நம் ஆள் காற்றில் ஒரு கரணம் அடிப்பார் (இதுதான் டிரிக்), தரை தொட்டதும் குட்டி பூஸ்ட், அதாவது கொஞ்ச நேர வேக உந்தல், கிடைக்கும். என் கட்சி: இதில் திறமை எதுவும் இல்லை. எக்ஸைட்பைக் அரீனா என்ற பந்தயத் தடத்தைப் பாருங்கள். தடம் முழுக்க மேடுதான், ஆட்டத்துக்கு ஆட்டம் மேடுகளின் இடம் மாறும். ஆனால் நான் செய்வது மாறுகிறதா? தட்டு, தட்டு, தட்டு. கடிகாரத்தோடு தனியாக ஓடும் டைம் டிரையலில் ஒரு முறை டிரிக்கே போடாமல் ஓட்டி, அந்த ஓட்டத்தின் பதிவான கோஸ்ட்டோடு போட்டி போட்டுப் பார்த்தேன். முதல் சுற்றிலேயே அது பின்னால் எங்கேயோ போய்விட்டது. ஆக, தட்டுவது கட்டாயம். எல்லாரும் கட்டியே ஆகவேண்டிய சுங்கத்துக்குத் திறமை என்று பேர் வைக்காதீர்கள்.

சோனிக்_சித்தப்பா
நூற்றுக்கு நூறு. இதை ஒழுங்காகச் செய்த ஆட்டம் சோனிக் அண்ட் ஆல்-ஸ்டார்ஸ் ரேசிங் டிரான்ஸ்ஃபார்ம்டு. 2012இல் சுமோ டிஜிட்டல் செய்தது. அதில் காற்றில் இருக்கும்போது வலது ஸ்டிக்கைத் தள்ளினால் ஸ்டண்ட். ஒன்று அடித்தால் சின்ன பூஸ்ட், அடுத்ததும் சேர்ந்தால் பெரியது. ஆனால் இரண்டாவது கரணம் முடியுமுன் தரை வந்துவிட்டதா, போச்சு. பூஸ்டும் இல்லை, இருந்த வேகமும் பாழ். கடைசிச் சுற்றில் இரண்டாம் இடத்தில் பறந்துகொண்டே "இன்னொன்று அடிக்கலாமா?" என்று யோசிக்கும் அந்த அரை நொடி இருக்கிறதே, மரியோவில் அது கிடையவே கிடையாது.

மூன்றாம்_சுற்று
இரண்டு பேரும் ஜெயிக்கிறவன் கண்ணாலேயே பார்க்கிறீர்கள். இந்த டிரிக் மரியோ கார்ட்டில் முதலில் வந்தது 2008இல், நின்டெண்டோவின் வீ கருவிக்கு வந்த ஆட்டத்தில். பட்டன் கிடையாது, ரிமோட்டையே உலுக்க வேண்டும். அப்போது என் அத்தைக்கு ஐம்பது தாண்டியிருக்கும், அதுவரை கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லை. டிரிஃப்ட் (வளைவில் சறுக்கித் திருப்புவது) என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் மேடு வந்ததும் முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ரிமோட்டை ஒரு உதறு உதறுவார். திரையில் அவர் ஓட்டும் பாத்திரமான பீச் சுழன்றால் "வந்துட்டுதுடி!" என்று ஒரு சத்தம். பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவது இடம்தான், தினமும். அந்த உதறலுக்கும் நேரம் உண்டு. பிந்தினால் டிரிக் வராது. அதைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு வாரம் ஆனது. திறமை இல்லை என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள் பார்ப்போம்.

நள்ளிரவு_கார்ட்
அத்தைக்கு என் வணக்கம், சண்டை அவரோடு இல்லை. அது வேடிக்கை, வேண்டாம் என்று யார் சொன்னது? கரணம் அடிக்கட்டும், பூ தூவட்டும். அதோடு வேகத்தை ஏன் முடிச்சுப் போட வேண்டும் என்பதுதான் கேள்வி.

பழைய_பெட்டி
ஏங்க, 1999இல் வந்த க்ராஷ் டீம் ரேசிங்கை ஒருவருமே சொல்லவில்லையே? நாட்டி டாக் செய்தது, முதல் பிளேஸ்டேஷனில். அதில் காற்றில் எதையும் அழுத்த வேண்டாம். மேட்டின் விளிம்பில் சரியாக எல்1 அல்லது ஆர்1 பட்டனைத் தட்டிக் குதிக்க வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் அந்தரத்தில் இருக்கிறீர்களோ, இறங்கும்போது அவ்வளவு டர்போ, அதாவது வேக உந்தல். கொஞ்சம் முன்னால் குதித்தால் குட்டைத் தாவல், கைக்கு ஒன்றும் வராது. வேலை எல்லாம் தரையில் இருக்கும்போதே முடிந்துவிடும். 2019இல் பீனாக்ஸ் நிறுவனம் ஆட்டத்தை மறுபடி செய்தபோதும் இதைக் கைவைக்காமல் விட்டார்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

சோனிக்_சித்தப்பா
குதித்த பிறகு என்ன செய்வீர்கள் அண்ணா? பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தவர் மாதிரி வேடிக்கை பார்ப்பதா?

பழைய_பெட்டி
இறங்கியதும் எந்தப் பக்கம் சறுக்கலாம், டர்போவை எப்படி நீட்டலாம் என்று யோசிப்பேன் தம்பி. நீங்கள் கரணம் எண்ணிக்கொண்டிருங்கள்.

மூன்றாம்_சுற்று
நள்ளிரவு, ஒரு கேள்வி. நீங்கள் ஆடுவது 150சிசி வேகப் பிரிவில்தானே? 2015இல் மரியோ கார்ட் 8க்கு அதைவிட வேகமான 200சிசி வந்தது, டீலக்ஸிலும் இருக்கிறது. அதில் எல்லா மேட்டிலும் தட்டிப் பாருங்கள். இறங்கிய கையோடு வளைவு இருக்கிற இடத்தில் பூஸ்ட் வந்தால் என்ன ஆகும்? தட்டாமல் விடுவதும் அங்கே ஒரு ஆட்டம்தான். அதே பட்டன்தான், வேகம் மட்டும் கூடியிருக்கிறது.

நள்ளிரவு_கார்ட்
சரி, நேற்று ராத்திரி ஆடினேன். பழக்க தோஷம், மேடு கண்டதும் விரல் தானாகப் போகிறது. ஒரே பந்தயத்தில், தடத்தை விட்டு விழுபவரைத் தூக்கிவிடும் லகிட்டு என்னை மூன்று முறை தூண்டிலில் தூக்கிக் கொண்டுவந்து போட்டார். மூன்றாவது முறை அவர் முகத்தில் சலிப்பு தெரிந்த மாதிரி இருந்தது. 200சிசி-யில் யோசிக்க வைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பட்டனின் பெருமை இல்லை, வளைவின் பெருமை. 150இல் என் கட்சி மாறவில்லை.

சோனிக்_சித்தப்பா
2025 ஜூனில் வந்த மரியோ கார்ட் வேர்ல்டு இருக்கிறதே. அதில் நேராக ஓட்டிக்கொண்டே பட்டனை அழுத்திப் பிடித்து, விட்டால் குதிக்கிறது. தண்டவாளம் மாதிரிக் கம்பிகளின் மேல் சறுக்கலாம், சுவரில் ஓடலாம், அங்கேயும் டிரிக் உண்டு. எப்போது அழுத்துவது, எங்கே ஏறுவது என்று இப்போதுதான் மரியோ யோசிக்கச் சொல்கிறார். ஆனால் 24 பேர் முட்டிக்கொண்டு போகிறபோது எனக்கு யோசிக்க எங்கே நேரம்!

பழைய_பெட்டி
தப்பாகக் குதித்தாலும் அதில் பெரிய தண்டனை எனக்குத் தெரியவில்லையே. நான் பழைய பெட்டியையே தூசி தட்டுகிறேன்.

மூன்றாம்_சுற்று
பேசியது போதும். ஞாயிறு ராத்திரி, எக்ஸைட்பைக் அரீனா, 200சிசி. அத்தையும் வருகிறார். நள்ளிரவு, நீங்கள் டிரிக் போடாமல்தான் ஓட்ட வேண்டும்.

நள்ளிரவு_கார்ட்
அத்தையிடம் தோற்கவா? ஒரே ஒரு மேட்டில் மட்டும் தட்டிக்கொள்கிறேன், அனுமதி உண்டா?