குழாய் மூடியிருந்தும் தண்ணீர் ஓடுவதாகச் சொல்லும் ஃப்ளோ சென்சார்

சொட்டுநீர்:
தொட்டியிலிருந்து வீட்டுக்குள் வரும் அரை அங்குலக் குழாயில் ஒய்எஃப்-எஸ்201 சென்சார் மாட்டியிருக்கிறேன், தண்ணீர் ஓடி உள்ளே சக்கரம் சுற்றச் சுற்ற பல்ஸ் (மின் துடிப்பு) அனுப்பும் வகை. சிவப்பு வயர் 5 வோல்ட்டுக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, பல்ஸ் வரும் மஞ்சள் நேராக ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டின் 34ஆம் பின்னுக்கு. அந்தப் போர்டுக்கான ஈஎஸ்பிஹோம் மென்பொருளில் பல்ஸ் கவுன்ட்டர் எழுதி, வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் காட்டும் ஹோம் அசிஸ்டன்ட்டிலும் வந்துவிட்டது. இரண்டு சிக்கல். குழாயை முழுதாகத் திறந்தால் 3600 என்று காட்டுகிறது, அது லிட்டராக இருந்தால் வீடே மிதந்திருக்கும். இரண்டாவதுதான் தலைவலி: எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது, தொட்டியை நிரப்ப மோட்டாரைப் போட்டால் எண்ணிக்கை தாறுமாறாகத் துள்ளுகிறது. சென்சார் பழுதா? சென்சாரிலிருந்து போர்டு வரை 8 மீட்டர் வயர் போகிறது, அதுவும் மோட்டார் வயர் போகும் அதே பைப்புக்குள்.

எண்ணிப்பார்:
3600 சரியான எண்தான். பல்ஸ் கவுன்ட்டர் நிமிடத்துக்கு எத்தனை பல்ஸ் என்று சொல்கிறது, லிட்டர் அல்ல. இந்த சென்சார் ஒரு லிட்டருக்குச் சுமார் 450 பல்ஸ் தரும், ஆகவே உங்களுக்கு ஓடுவது நிமிடத்துக்கு 8 லிட்டர். ஃபில்டர்ஸ் பகுதியில் மல்டிப்ளை 0.00222 என்று போடுங்கள். மொத்தக் கணக்குக்கு அதே சென்சாரின் கீழ் டோட்டல் என்று ஒன்று சேர்த்து, அதற்கும் அதே பெருக்கலைப் போட்டு, யூனிட் எல், டிவைஸ் கிளாஸ் வாட்டர், ஸ்டேட் கிளாஸ் டோட்டல் இன்க்ரீசிங் என்று கொடுத்தால் எனர்ஜி டாஷ்போர்டின் தண்ணீர்ப் பகுதியிலேயே சேர்க்கலாம். போர்டு ரீஸ்டார்ட் ஆகி எண் பூஜ்யத்துக்குப் போனாலும் ஹோம் அசிஸ்டன்ட் புரிந்துகொண்டு தொடர்ந்து கூட்டும்.

மோட்டார் தொல்லைக்கு, மிகக் குறுகிய பல்ஸை எண்ணாமல் தள்ளிவிடும் இன்டர்னல் ஃபில்டரை ஏற்றிப் பாருங்கள், அடங்கிவிடும்.

பழைய வயர்மேன்:
அடங்காது. ஈஎஸ்பி32-இல் எண்ணுவது பிசிஎன்டி என்ற வன்பொருள், அதன் ஃபில்டர் 13 மைக்ரோ செகண்டுக்கு மேல் போகாது. மோட்டார் வயரில் கிளப்பும் மின் இரைச்சலுக்கு அது கொசுவலை மாதிரி. யூஸ் பிசிஎன்டி ஃபால்ஸ் என்று எழுதினால்தான் 500 மைக்ரோ செகண்ட் வரை தைரியமாக ஏற்றலாம். நிமிடத்துக்கு 30 லிட்டர் ஓடினால்கூட விநாடிக்கு 225 பல்ஸ்தான், ஒரு பல்ஸுக்கு 4 மில்லி செகண்டுக்கு மேல் இருக்கிறது, நிஜப் பல்ஸ் எதுவும் தப்பாது.

ஆனால் அதெல்லாம் அப்புறம். மஞ்சள் வயரை நேராகச் செருகியதுதான் எனக்கு உறுத்துகிறது. முதலில் சென்சாரைக் கழற்றி, மஞ்சளைப் போர்டிலிருந்து பிடுங்கி, 5 வோல்ட் மட்டும் கொடுத்து, மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்து, வாயால் மெல்ல ஊதுங்கள். உள்ளே சக்கரம் நகர நகர மீட்டர் 0-க்கும் 5-க்கும் தாவினால் சென்சாருக்குள்ளேயே புல்-அப் (சிக்னல் வயரை மேல் வோல்ட்டேஜுக்கு இழுத்துவைக்கும் ரெசிஸ்டர்) இருக்கிறது, அதாவது 3.3 வோல்ட் பின்னுக்கு 5 வோல்ட் ஊட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மஞ்சளுக்கும் பின்னுக்கும் நடுவே 10 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 20 கே போட்டு இறக்குங்கள். போட்டபின் பின்னில் எவ்வளவு வருகிறது என்றும் அளந்துவிடுங்கள், சென்சாருக்குள் இருக்கும் ரெசிஸ்டரும் கணக்கில் சேர்வதால் சில நேரம் 2.5-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அது போதாது. அப்படியானால் 10 கே-யை எடுத்துவிட்டு, 20 கே-யை அப்படியே வைத்து, மஞ்சளை நேராகப் பின்னில் கொடுத்து மறுபடி அளங்கள். மீட்டர் அசையவே இல்லையென்றால் வெளியே புல்-அப் வேண்டும்: மஞ்சளிலிருந்து 3.3-க்கு ஒரு 4.7 கே. 34 முதல் 39 வரையுள்ள பின்களுக்கு உள்ளே புல்-அப் கிடையாது, கோடில் எழுதினாலும் வேலை செய்யாது. அந்தரத்தில் தொங்கும் பின் பக்கத்தில் எது போனாலும் எண்ணும்.

எண்ணிப்பார்:
பிசிஎன்டி விஷயம் மறந்தே போச்சு, சரிதான். இன்னொரு சந்தேகம்: மோட்டார் ஓடும்போது குழாயில் காற்றோ தண்ணீரோ நிஜமாகவே முன்னும் பின்னும் ஆடலாமே? இந்த சென்சாருக்குத் திசை தெரியாது, பின்னால் சுற்றினாலும் கூட்டிக்கொண்டுதான் போகும்.

சொட்டுநீர்:
ஊதிப் பார்த்தேன், 0-க்கும் 4.9-க்கும் தாவியது. ரெசிஸ்டர் போட்டு அளந்ததில் 3.2 வருகிறது. அப்புறம் சென்சாரைக் கழற்றியபடியே மேசையில் வைத்து, வயரை மட்டும் அதே பைப்பில் விட்டு மோட்டாரைப் போட்டேன். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் 3 லிட்டர்! ஆக குற்றவாளி வயர்தான்.

பழைய வயர்மேன்:
அப்படியானால் 8 மீட்டரை எதற்குக் கட்டி அழ வேண்டும்? வைஃபை இருக்கிறதே, போர்டை சென்சார் பக்கம் கொண்டுபோய் நனையாத டப்பாவில் வையுங்கள். நீளமாகப் போகட்டும், 5 வோல்ட் வயர் மட்டும். மோட்டார் பைப்பில் விடாதீர்கள்.

சொட்டுநீர்:
போர்டை மாற்றிவிட்டேன், மஞ்சள் வயர் இப்போது ஒரு சாண் நீளம்தான். ஃபில்டரையும் 500 ஆக்கினேன். மூன்று நாளாக மோட்டார் ஓடும்போது பூஜ்யத்திலேயே நிற்கிறது. 10 லிட்டர் வாளியை நிரப்பிப் பார்த்ததில் 4230 பல்ஸ், ஆகவே 450-க்குப் பதில் 423 வைத்து மல்டிப்ளையை 0.00236 ஆக்கியிருக்கிறேன். ஒழுகும் குழாயைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தேன், அது மட்டும் நடக்கவில்லை, சொட்டினால் சக்கரம் அசைவதே இல்லை.

எண்ணிப்பார்:
நிமிடத்துக்கு 1 லிட்டருக்குக் கீழே இதை நம்பக்கூடாது. ஒழுகலுக்கு, குழாயடியில் ஈரம் பட்டால் சொல்லும் லீக் சென்சார் தனியாகப் போடுங்கள்.