உருகி ஒட்டிப்போன தூண்டில் மீன்கள்: புதுப்பிப்பு

முட்டுக்காட்டில் கொடுவா பிடிக்க வாங்கிய சாஃப்ட் பிளாஸ்டிக் மீன்கள் (தூண்டிலில் இரையாக மாட்டும் மெத்தென்ற பொம்மை மீன்கள்) பெட்டிக்குள்ளேயே உருகி அல்வாக்கட்டி மாதிரி ஆகிவிட்டன என்று போன மாதம் புலம்பியிருந்தேன் இல்லையா, காரணம் தெரிந்துவிட்டது. வெயில் என்றுதான் நினைத்தேன், வண்டி டிக்கியிலேயே கிடந்ததால். வெயில் வேகப்படுத்தியிருக்கும், அவ்வளவுதான். அசல் குற்றவாளி நான் கலந்து வைத்தது. சாதாரண மீன்கள் பிவிசி, அதை மெத்தென்று ஆக்க எண்ணெய் மாதிரி ஒன்றைச் சேர்க்கிறார்கள், ரப்பர் பேண்டு போல இழுபடும் இன்னொரு வகை வேறு பொருள், இரண்டும் தொட்டுக்கொண்டே கிடந்தால் ஒன்றையொன்று கரைத்துவிடும். பெட்டியின் அடித்தட்டுகூட பிசுபிசுவென்று இளகியிருந்தது.

இப்போது எல்லாம் வாங்கிய கவரிலேயே, வகை வாரியாக, வீட்டு அலமாரியில். நிறமும் பிரித்தாயிற்று, கறுப்போடு கிடந்த ஒரு வெள்ளை மீனின் வயிற்றில் சாம்பல் கோடு இன்னும் போகவில்லை.

வால் வளைந்த பிவிசி மீன்களைக் கொதித்து இறக்கிய வெந்நீரில் அரை நிமிடம் போட்டு, நேராக்கி, குளிர்ந்த நீரில் விட்டேன். ஆறில் ஐந்து தேறின. சரி, ஒட்டிய கட்டி? குப்பைக்குத்தான் போனது.

அப்புறம், மீனுக்குள் செருகும் ஜிக் ஹெட்டை, அதாவது தலையில் எடை வைத்த தூண்டில் முள்ளை, கழற்றாமல் வைக்காதீர்கள். உப்புத்தண்ணீர் துரு மீனுக்குள்ளேயே ஊறிவிடுகிறது.