ஆர்செப் வந்துதான் டபிள்யூடிஓ செத்துச்சாம்!

துறைமுகம்: "ஆர்செப் வந்துச்சு, டபிள்யூடிஓ கதை முடிஞ்சுச்சு"ன்னு நேத்து ஒருத்தர் எழுதினதுக்கு அத்தனை லைக். டபிள்யூடிஓங்கறது உலக வர்த்தக அமைப்பு, ஆர்செப்ங்கறது ஆசிய-பசிபிக் நாடுங்க தங்களுக்குள்ள போட்டுக்கிட்ட வர்த்தக ஒப்பந்தம். படிச்சதுலேருந்து எரிச்சல் அடங்கல. ஜெனிவாவுல டபிள்யூடிஓவோட மேல்முறையீட்டு அமைப்பு, அதாவது நாடுங்களோட வர்த்தக வழக்குல அப்பீல் கேட்கற இடம், முடங்கினது 2019 டிசம்பர். ஆர்செப் கையெழுத்தானது 2020 நவம்பர். பின்னாடி வந்தது எப்படிங்க முன்னாடி நடந்ததுக்குக் காரணம் ஆகும்?

கணக்கன்: அந்த ஒருத்தர் நான்தான், பேரைச் சொல்லியே திட்டுங்க. கையெழுத்துத் தேதியைப் பிடிச்சுத் தொங்காதீங்க சார், ஆர்செப் பேச்சுவார்த்தை அறிவிச்சது 2012. டபிள்யூடிஓ நாடுங்க எல்லாம் சேர்ந்து நடத்தின வர்த்தகப் பேச்சு, அதான் தோஹா சுற்று, 2001-ல ஆரம்பிச்சு இழுத்துக்கிட்டே கிடந்ததாலதான் ஆளாளுக்குத் தனியா கூட்டு சேர்ந்தாங்க.

துறைமுகம்: அப்போ டபிள்யூடிஓ முடங்கினதாலதான் ஆர்செப் வந்துச்சுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க, நேத்து தலைகீழா சொன்னீங்க. 7 பேர் இருக்க வேண்டிய மேல்முறையீட்டு அமைப்பு, ஒரு வழக்கைக் கேட்க 3 பேர் வேணும், புது ஆளைப் போடவிடாம அமெரிக்கா தடுத்துக்கிட்டே வந்து 2019 டிசம்பர்ல மிஞ்சினது 1 ஆள். அமெரிக்கா ஆர்செப்லயே கிடையாது!

மேகலை: தேதிச் சண்டை போதும். ஆர்செப்ல பல பொருளுக்கு, அதோட மதிப்புல 40 சதவீதம் உறுப்பு நாடுகளுக்குள்ள உண்டானா சலுகை வரி. அப்புறம் வெளிய நிக்கற ஏழை நாட்டோட உதிரி பாகத்தை எவன் வாங்குவான்? அதைப் பேசுங்க.

கணக்கன்: அப்படிக் கேளுங்க! உலகத்துக்கே ஒரே விதிங்கறதுக்கு அங்கதான் வேட்டு.

துறைமுகம்: நல்ல கேள்விதான், ஆனா 2019 டிசம்பருக்கு அது பதில் இல்ல.

பழையவன்: கணக்கன் போன தடவை ஆர்செப்ல 16 நாடுன்னு அடிச்சுப் பேசி என்னை முட்டாளாக்கினார். கையெழுத்து போட்டது 15. இந்தியா 2019 நவம்பர்லயே விலகிடுச்சு. இன்னும் ஒரு மன்னிப்பு வரல.

கணக்கன்: பேச்சுவார்த்தைல 16 இருந்துச்சு, அதைத்தான் சொன்னேன்.

பழையவன்: ஸ்கிரீன்ஷாட் இருக்கு, போடட்டுமா?

துறைமுகம்: அதை அப்புறம் வெச்சுக்கோங்க. சீனா, ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர் எல்லாம் ஆர்செப்ல இருக்கு, அதே நாடுங்கதான் ஐரோப்பிய ஒன்றியத்தோட சேர்ந்து முடங்கின அந்த மேல்முறையீட்டு அமைப்புக்குப் பதிலா வெச்ச மாற்று ஏற்பாட்டுலயும் இருக்கு, டபிள்யூடிஓவைக் கொல்ல நினைக்கறவன் அதுக்கு எதுக்கு முட்டுக் கொடுக்கணும், 2013-ல பாலியில சுங்க நடைமுறை ஒப்பந்தம், 2022-ல மீன்பிடி மானிய ஒப்பந்தம், இதெல்லாம் செத்த அமைப்பு செஞ்சதா?

கணக்கன்: டபிள்யூடிஓவுல மொத்தம் 166 உறுப்பினர், மாற்று ஏற்பாட்டுல எத்தனை பேர்? பாதி கூட இல்ல. முட்டுக் கொடுக்கற நிலைமைக்கு வந்துச்சுன்னா வீடு இடிஞ்சுச்சுன்னுதான் அர்த்தம்.

துறைமுகம்: இடிச்சது யாரு? 2019 டிசம்பர்ல ஆர்செப்னு ஒண்ணு கையெழுத்தாகியிருந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.

மேகலை: என் 40 சதவீதத்தை ஒருத்தரும் தொடல.

பழையவன்: ஸ்கிரீன்ஷாட் போட்டாச்சு, மேல பாருங்க.