சீசன் பாஸ் வாங்கியும் பூட்டுத் திறக்கவில்லை: பணத்தைத் திரும்பப் பெற வங்கியில் முறையிடலாமா?

மூன்றாம்_கட்டம் (கேள்வி):

வணக்கம். நண்பர் ஒருவர் ஆடி முடித்த வட்டு ஒன்றை வாங்கி, கடந்த ஒரு மாதமாக ஒரு ரோல்பிளேயிங் கேமை ஆடி வருகிறேன். ஒன்பது நாட்களுக்கு முன்பு, என் கன்சோலின் இணையக் கடையில் ஒரே இரவில் மூன்று பொருட்களை வாங்கினேன். முதலாவது, இரண்டு கூடுதல் கதைகள் அடங்கிய சீசன் பாஸ். இரண்டாவது, நான்கு உடைகள் கொண்ட ஒரு தொகுப்பு. மூன்றாவது, கேமுக்குள் செலவிடும் நாணயங்கள்.

சீசன் பாஸைக் கடைப் பக்கம் 'வாங்கப்பட்டது' என்றே காட்டுகிறது, பதிவிறக்கமும் முழுமையாக முடிந்துவிட்டது. ஆனால் கேமைத் திறந்தால் இரு கதைகளின் மீதும் பூட்டுச் சின்னமும், அதன் கீழே மறுபடியும் 'வாங்கு' என்ற பொத்தானும் நிற்கின்றன. உடைத் தொகுப்பில் இரண்டு உடைகள் மட்டுமே வந்துள்ளன. நாணயங்களைப் பொறுத்தவரை, நான் விரும்பிய கவசத்தின் விலை 1,200 நாணயங்கள். கடையிலோ 1,000 அல்லது 2,500 என்ற அளவுகளில்தான் கிடைக்கும் என்பதால், பெரியதை வாங்கி, மீதி 1,300 நாணயங்களை எதற்கும் பயன்படாமல் வைத்திருக்கிறேன்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதியதற்கு, 'பதிவிறக்கம் தொடங்கிவிட்டதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது' என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது. மனிதர் எவரும் அதைப் படித்ததாகவே தோன்றவில்லை. ஆகவே மூன்று தொகைகளையும் சேர்த்து வங்கி அட்டை வழியாக நாளை ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று நினைக்கிறேன். இது சரியான வழிதானா?

பழைய_கன்சோல்:

நண்பரே, நாளை வங்கிக்கு எழுத வேண்டாம். அட்டை வழியாகப் பணத்தைத் திரும்பப் பிடித்தால், பல கடைகள் அதை மோசடி முயற்சியாகக் கருதி அந்தக் கணக்கையே முடக்கிவிடுகின்றன. அப்போது இந்த மூன்று பொருட்களோடு, அந்தக் கணக்கில் இதுவரை நீங்கள் வாங்கிய அத்தனையும் கைவிட்டுப் போகும். இது வெறும் பயமுறுத்தல் அன்று. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2022 டிசம்பரில் கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் மீது கொண்டுவந்த நடவடிக்கையில், வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்காக அந்நிறுவனம் 24.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அனுமதியில்லாத கட்டணங்களை அட்டை நிறுவனத்திடம் மறுத்தவர்களின் கணக்குகளைப் பூட்டினார்கள் என்பது அதில் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளுள் ஒன்று. இனி அப்படிப் பூட்டக் கூடாது என்று பிறந்த ஆணை அந்த ஒரு நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்தும். வங்கி என்பது எல்லாக் கதவுகளும் சாத்திய பிறகு தட்ட வேண்டிய கதவு.

அதற்கு முன் ஒரு கேள்வி: அந்த வட்டு எந்தப் பிராந்தியத்திற்காக வெளியானது? உங்கள் கன்சோல் எதுவென்று நீங்கள் சொல்லவில்லை. பிளேஸ்டேஷன் 4 எனில், உறையின் முதுகில் பெரும்பாலும் 'சி.யு.எஸ்.ஏ.' என்று தொடங்கி ஐந்து இலக்கங்கள் இருக்கும். ஒரே கேம் வெவ்வேறு பிராந்தியங்களில் வெவ்வேறு எண்களோடு வெளிவருவதுண்டு. சீசன் பாஸ் போன்ற கூடுதல் உள்ளடக்கம் தன் எண்ணுக்குரிய கேமை மட்டுமே அடையாளம் கண்டுகொள்ளும். கணக்கு ஒரு பிராந்தியத்திலும் வட்டு இன்னொன்றிலும் இருந்தால், வாங்கியது உண்மை, இறங்கியதும் உண்மை, ஆனால் கேமின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. நீங்கள் விவரிக்கும் பூட்டு அச்சு அசலாக அப்படித்தான் இருக்கிறது.

நேர்_பேச்சு:

வருந்த வேண்டாம், ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2006 ஏப்ரலில் 'ஒப்ளிவியன்' கேமுக்குக் குதிரைக் கவசம் என்று ஒன்றை 2.50 டாலருக்கு விற்றபோது எல்லோரும் சிரித்தார்கள்; சிரித்தவர்களே வாங்கவும் செய்தார்கள். மீதி நாணயங்கள் உங்கள் கையில் தங்கியது தற்செயல் அன்று, அந்த அளவுகள் வகுக்கப்பட்டதே அப்படித் தங்குவதற்காகத்தான். எந்தக் கூடுதல் பொருளையும் நான் வாங்குவதில்லை என்பதால் எனக்கு இத்தகைய சிக்கல்களே வருவதில்லை.

கணக்குப்பிள்ளை:

மேலே சொன்னவர் நாணயங்களைப் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் வாங்கிவிட்டு வந்து கேட்பவரிடம் வாங்காதே என்பது, நனைந்து வந்தவரிடம் குடையின் பெருமையைப் பேசுவதற்குச் சமம்.

கேள்வி கேட்டவருக்கு: முதல் வேலையாக, அந்தக் கேமைத் திறப்பதை இன்றே நிறுத்துங்கள். பூட்டுத் திறந்துவிட்டதா என்று பார்க்கவே நாம் பத்து முறை உள்ளே போவோம். அந்த நேரமும் ஆடிய நேரமாகவே பதிவாகும். எடுத்துக்காட்டாக, கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் கூடுதல் உள்ளடக்கத்திற்குப் பணம் திரும்ப வேண்டுமானால், வாங்கி 14 நாட்களுக்குள் கேட்க வேண்டும்; அதை வாங்கிய பிறகு மூலக் கேமை 2 மணி நேரத்திற்கும் குறைவாகவே ஆடியிருக்க வேண்டும்; அந்த உள்ளடக்கம் செலவழிந்தோ மாற்றப்பட்டோ போயிருக்கவும் கூடாது. பிளேஸ்டேஷன் கடையிலும் 14 நாட்கள்தான், ஆனால் பதிவிறக்கம் தொடங்கிவிட்டால் அந்த உரிமை போய்விடும், பொருள் பழுதாக இருந்தாலொழிய. உங்களுக்கு வந்த ஒற்றை வரிப் பதில் இத்தகைய விதியிலிருந்துதான் வந்திருக்கும். எனவே 'மனம் மாறிவிட்டது' என்ற தொனியில் எழுதினால் மறுபடியும் அதே வரிதான் வரும். 'விற்றபடி இயங்கவில்லை' என்பதே உங்கள் வாதமாக இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, மூன்று பொருட்களையும் ஒரே புகாரில் அடைக்காதீர்கள். மூன்றின் நியாயமும் வேறு வேறு; வலுவற்ற ஒன்றைக் காட்டி வலுவான ஒன்றையும் சேர்த்து நிராகரிப்பது அவர்களுக்கு எளிது. கடைப் பக்கத்தில் உள்ள விளக்கத்தை, சிறிய எழுத்தில் உள்ளவை உட்பட, இன்றே படமெடுத்து வையுங்கள், ஏனெனில் அந்த வாசகங்கள் மாறக்கூடியவை.

மூன்றாம்_கட்டம்:

இருவருக்கும் நன்றி. உறையைப் பார்த்தேன். பழைய_கன்சோல் சொன்னது போலவே வட்டின் எண் வேறு, என் கணக்கின் பிராந்தியத்தில் விற்கப்படும் பதிப்பின் எண் வேறு. கடைப் பக்கத்தைப் படமெடுக்கும்போது, இன்னொன்றும் கண்ணில் பட்டது: உடைத் தொகுப்பின் கடைசி வரியில், 'இரண்டு உடைகள் மூன்றாம் அத்தியாயத்திற்குப் பிறகு கிடைக்கும்' என்று இருக்கிறது. நான் இன்னும் இரண்டாம் அத்தியாயத்தில்தான் இருக்கிறேன். அந்தப் பழி என்னுடையதே.

சீசன் பாஸைக் காப்பாற்ற, என் பிராந்தியத்தின் டிஜிட்டல் பதிப்பையே வாங்கிவிடலாமா? இப்போது தள்ளுபடியில் இருக்கிறது.

பழைய_கன்சோல்:

வாங்கினால் சீசன் பாஸ் திறக்கும். ஆனால் நீங்கள் ஒரு மாதம் சேமித்து வைத்த ஆட்டம் பெரும்பாலும் அதற்குள் வராது. எண் வேறு என்றால் சேமிப்பும் வேறுதான். முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி தொடங்க மனமிருந்தால் மட்டும் யோசியுங்கள். மாட்டிக்கொண்ட பணத்தை மீட்க இன்னும் பணம் போடுவதை நான் இரண்டு முறை செய்திருக்கிறேன், இரண்டு முறையும் வருந்தியிருக்கிறேன். (தள்ளுபடி என்ற சொல் அந்த நேரத்தில் செய்யும் வேலையே தனி.) முதலில் திரும்பக் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:

புகாரை ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

'நான் வாங்கிய சீசன் பாஸ், என்னிடமுள்ள வட்டுப் பதிப்பில் இயங்கவில்லை. வட்டு எண்ணின் படமும், பூட்டுச் சின்னம் தெரியும் திரையின் படமும் இணைக்கப்பட்டுள்ளன. வேறு பிராந்திய வட்டில் இது இயங்காது என்ற எச்சரிக்கை, வாங்கும் பக்கத்தில் என் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை. அந்தப் பக்கத்தின் படத்தையும் இணைத்துள்ளேன். கூடுதல் கதைகள் எதையும் நான் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை என்பதை உங்கள் பதிவுகளே காட்டும். இது மனமாற்றத்தால் கேட்கும் கோரிக்கை அன்று. தொகையை அதே அட்டைக்குத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

எச்சரிக்கை அந்தப் பக்கத்தில் உண்மையிலேயே இருந்தால் அந்த வரியை நீக்கிவிடுங்கள். ஒரு பொய் போதும், மீதி அனைத்தும் செல்லாமல் போவதற்கு.

நாணயங்களுக்கும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள். 1,200 செலவாகிவிட்டதால், பெரும்பாலான கடைகள் முழுத் தொகுப்பும் பயன்படுத்தப்பட்டதாகவே கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 2025 மார்ச்சில் வெளியிட்ட கோட்பாடுகளில், தேவைக்கு மேல் நாணயங்களை வாங்கும்படி ஆட்டக்காரரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, விலையை உண்மையான பணத்திலும் காட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டுள்ளது. உங்கள் நாட்டில் அதற்கு நேரான விதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கோள் காட்டுங்கள்.

மூன்றாம்_கட்டம்:

ஆறு நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். முதல் பதில் மறுபடியும் அதே ஒற்றை வரிதான். இணைப்புகளைப் பார்க்குமாறு கேட்டு, அதே புகார் எண்ணின் கீழ் மீண்டும் எழுதிய பிறகு, இம்முறை ஒரு மனிதர் பதிலளித்தார். சீசன் பாஸின் முழுத் தொகை திரும்பி வந்துவிட்டது, ஆனால் அட்டைக்கு அன்று, அந்தக் கடையில் மட்டுமே செலவிடக்கூடிய வாலட்டுக்கு. நாணயங்களுக்கு மறுத்துவிட்டார்கள். உடைகளைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

வாலட்டில் வந்ததை அட்டைக்கு மாற்றித் தருமாறு கேட்க முடியுமா?

கணக்குப்பிள்ளை:

அந்தப் புகாரை அவர்கள் முடித்துவைப்பதற்குள் கேளுங்கள். முடிந்த பிறகு புதிய புகாராக எழுதினால், 'ஏற்கனவே தீர்க்கப்பட்டது' என்று சொல்லிவிடுவார்கள். மறுத்தால், அந்தத் தொகை வாலட்டிலேயே இருக்கட்டும். அந்தத் தள்ளுபடி முடியும் நாள் வரை கடைப் பக்கத்தைத் திறக்காதீர்கள்.