‘குளிர்காப்பு’ வேண்டாம், ‘உறைவுக்காப்பு’ என்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கம்பளத் துப்புரவு இயந்திரங்களைக் கடுங்குளிரில் சேதமாகாமல் காக்கும் வேலைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நடக்கும் இந்த விவாதத்தில், ‘குளிர்காப்பு’ என்ற சொல்லுக்கு ஆதரவு கூடிவருகிறது. சொல்ல எளிது, செவிக்கும் இனிது. ஆனால், கனடாவின் டொராண்டோவிலுள்ள ஸ்காபரோவில் வான் (van) வண்டிக்குள் இயந்திரம் பொருத்தி வீடுவீடாகச் சென்று கம்பளம் கழுவும் தமிழர்களுக்காக ஒரு செய்முறைக் குறிப்பை எழுதிக்கொடுத்தவன் என்ற முறையில், அந்தச் சொல்லால் நேர்ந்த ஒரு சேதத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

என் குறிப்பின் முதல் வரைவில் ‘இரவில் இயந்திரத்துக்குக் குளிர்காப்புச் செய்யவும்’ என்றுதான் எழுதியிருந்தேன். வேலைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் அதைப் படித்துவிட்டு, ஜனவரி மாத மாலை ஒன்றில், பம்பையும், தண்ணீரைச் சூடாக்கும் வெப்பமாற்றியையும் இரண்டு தடித்த போர்வைகளால் சுற்றி, வான் கதவைச் சாத்திவிட்டுப் போனார். ‘நல்லாப் போத்துவிட்டனான் அண்ணை’ என்று மறுநாள் என்னிடம் சொன்னார். உள்ளே இருந்த தண்ணீரை அவர் வடிக்கவில்லை. வடிக்க வேண்டும் என்று அந்தச் சொல் அவருக்குச் சொல்லவும் இல்லை. போர்வை தானாக வெப்பம் தராது. இருக்கும் சூடு வெளியேறுவதைச் சற்றுத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வானைச் சூடான கராஜுக்குள் கொண்டுவந்தபோது முதலில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, வெப்பமாற்றியின் செப்புக்குழாயில் விரல் நகத்தளவு நீளத்துக்கு, உதடுபோல வெளிப்புறம் விரிந்திருந்த வெடிப்பிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அதுவரை அந்த வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்தது பனிக்கட்டியேதான்.

தண்ணீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுகிறது. மூடிய வால்வுக்கும் பனிக்கட்டி அடைப்புக்கும் நடுவே இன்னும் உறையாத தண்ணீர் சிக்கிக்கொண்டால், அழுத்தம் ஏறி ஏறி, கட்டி பிடித்த இடத்தில் மட்டுமல்லாமல் அதற்குச் சற்றுத் தள்ளியும் குழாய் பிளந்துவிடும். வெப்பமாற்றி மட்டுமன்றி, பம்பின் தலைப்பகுதி, பித்தளை இணைப்பிகள், ஒருவழி வால்வுகள், கம்பளத்தின் மேல் இழுக்கும் கைக்கோலின் முனைத்தெளிப்பான்கள் ஆகிய எல்லாமே இப்படிப் போகக்கூடியவை. ஆகவே இந்த வேலையின் பொருள், உள்ளே நிற்கும் நீர் உறைந்து விரிவதற்கு இடம் கொடாமல் இருப்பதே. வெளியிலிருந்து தாக்கும் பகையாகக் குளிரை மட்டும் காட்டும் எந்தச் சொல்லும் தொழிலாளியின் கையைத் தவறான இடத்துக்கே கொண்டுபோகும்.

இதே காரணத்தால் ‘பனிக்காப்பு’ என்பதையும் ஏற்க முடியவில்லை. பனி என்றதும் நமக்கு ஆகாயத்திலிருந்து இறங்குவதுதான் நினைவுக்கு வருகிறது. வான் வண்டியின் கூரைமேல் ஓரடி பனி கிடந்தாலும் இயந்திரத்துக்கு அதனால் கேடில்லை. நிலத்தின் வெப்பம் தடையின்றி மேலே போய்விடுவதால், முகில் இல்லாத, பனி பெய்யாத தெளிந்த இரவுகளே பெரும்பாலும் மிகக் குளிர்ந்தவை. ‘பனிக்காப்பு’ என்று படித்தவர் அந்த இரவில்தான் கவலையின்றித் தூங்குவார். ‘மாரிக்காப்பு’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். புலம்பெயர்ந்தோர் பேச்சில் மாரி என்பது இந்தக் குளிர்காலத்தையும் குறிக்கிறது என்பது உண்மையே. ஆயினும் ஊரில் மாரி என்றால் மழைதான். தமிழ்நாட்டு வாசகர் குடையைத் தேடுவார்.

எனவே ‘உறைவுக்காப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘உறைகாப்பு’ என்றால் இன்னும் சுருக்கமாக இருக்குமே என்று கேட்கலாம். தலையணை உறை, கடித உறை என்று அன்றாடம் புழங்கும் பொருள் அதில் முந்திக்கொள்கிறது. மறுபடியும் போர்த்துவதில்தான் போய் நிற்போம். ‘உறைவு’ என்று பெயராக்கினால் அந்த மயக்கம் பெரும்பாலும் நீங்குகிறது. இரத்த உறைவு, உறைவிடம் ஆகிய வழக்குகள் குறுக்கே வரும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் பம்பின்மேல் ஒட்டிய தாளில் இதைப் படிப்பவர் மருத்துவமனையையோ விடுதிப் பள்ளியையோ நினைக்கப்போவதில்லை. ‘காப்பு’ என்ற பின்பாதியும் இங்கே பொருத்தமாக அமைகிறது. திருவிழா தொடங்குமுன் காப்புக் கட்டுவதுபோல, இந்த வேலையும் குளிர் வருமுன் செய்து முடிக்கவேண்டிய ஒன்று. வினையாக எழுதும்போது ‘உறைவுக்காப்புச் செய்’ என்றே எழுதுவோம். மின்கம்பிக்கு உறை போர்த்துவதற்கு நாம் வழங்கிவரும் ‘காப்பிடு’ இங்கே நுழைய வேண்டாம்.

அடுத்தது, குழாய்களுக்குள் செலுத்தும் திரவத்தின் பெயர். காற்றழுத்தத்தால் ஊதி வடித்தாலும் வளைவுகளிலும் வால்வுகளின் குழிவிலும் தண்ணீர் தங்கிவிடுகிறது என்பதால்தான், உறைநிலையைத் தாழ்த்தும் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கலந்த நீரை இயந்திரம் முழுவதும் சுற்றவிடுகிறார்கள். இதற்கு ‘உறையா நீர்மம்’ என்ற பரிந்துரை அழகானது. ஆனாலும் அதை எதிர்க்கிறேன். பாதிக்குப் பாதி கலந்த கரைசல் ஏறத்தாழ -34 பாகை செல்சியசில் உறையத் தொடங்கிவிடும். டொராண்டோவில் அது போதும். -40 வரை இறங்கக்கூடிய வினிப்பெக்கில் ‘உறையா’ என்ற வாக்கு பொய்த்துவிடும். தவிரவும், ஒவ்வொரு காலையும் இந்தத் திரவத்தை மீண்டும் கலனில் பிடித்துவைத்து, அன்றிரவு திரும்பப் பயன்படுத்துவது தொழிலில் வழக்கம். குழாயில் எஞ்சிய தண்ணீர் ஒவ்வொரு முறையும் சேரச்சேர அது நீர்த்துக்கொண்டே போகும். கலவையின் செறிவைக் காட்டும் ஒளிவிலகல்மானியில் ஒரு துளி விட்டு அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டிய பொருளுக்கு, பார்க்கவே தேவையில்லை என்று எண்ணவைக்கும் பெயர் ஆகாது. தாழ்ந்த வெப்பநிலையில் உறைவது என்ற பொருளில் ‘தாழுறை நீர்மம்’ அறிவியல்படி மிகச் சரி. கராஜில் நின்று படிப்பவருக்கு உரைநூல் வேண்டியிருக்கும். ‘உறைதடுப்பு நீர்மம்’ என்பதே என் தெரிவு. எந்தப் பாகை வரை தாங்கும் என்ற எண்ணைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவிடுவோம்.

இன்னொன்று. காரின் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்காலும் பொதுப்பெயரால் உறைதடுப்பு நீர்மமே. அது நஞ்சு, இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். குழந்தை தவழும் கம்பளத்தைக் கழுவும் இயந்திரத்துக்குள் அது போகவே கூடாது. ஆகவே குறிப்பில் எல்லா இடத்திலும் வேதிப்பெயரையும் சேர்த்தே எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

வானின் பின்கதவின் உட்புறத்தில் ஒட்டுவதற்காக நான் திருத்தி எழுதியிருக்கும் வாசகம் இது: ‘உறைவுக்காப்பு: தண்ணீரை வடிக்கவும். ஹோஸ், கைக்கோல் உட்பட எல்லாவற்றிலும் புரொப்பிலீன் கிளைக்கால் உறைதடுப்பு நீர்மத்தைச் செலுத்தவும். போர்வை போதாது. மூடிய வானுக்குள் புரொப்பேன் அடுப்பை எரியவிட வேண்டாம். கார்பன் மோனாக்சைடு உயிரைக் கொல்லும்.’ வினிப்பெக், எட்மன்டன் பக்கம் தொழில் செய்வோர் யாரேனும் குழுமத்தில் இருந்தால், அச்சுக்குப் போகுமுன் இதைப் படித்துப் பார்த்து, அங்கே தேவைப்படும் கலவை விகிதத்தையும் எழுதி அனுப்புங்கள்.