புதுப்பிப்பு: பார் ஃபீடரில் 16 மி.மீ. ராடு அதிர்ந்த பிரச்சினை தீர்ந்தது

முன்பு இங்கே கேட்டிருந்த இந்தப் பிரச்சினைக்கு யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிரச்சினை இதுதான்: நீள ராடைத் தானாக உள்ளே தள்ளும் பார் ஃபீடர் பொருத்திய சிஎன்சி லேத்தில் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) 16 மி.மீ. எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) ராடு 2500 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு 2500 சுற்று) தாண்டினாலே, அதைச் சுழற்றும் துளையுள்ள தண்டான ஸ்பிண்டிலுக்குள் அடித்துக்கொண்டது. ஜாபின் (கடையும் பொருளின்) மேல் அதிர்வுக் கோடுகள் விழுந்தன.

வேகத்தைக் குறைத்தபோது கோடு மறைந்தது, ஆனால் சைக்கிள் டைம் (ஒரு ஜாப் முடிய ஆகும் நேரம்) கூடிவிட்டது. ஃபீடரும் ஸ்பிண்டிலும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தோம். அது சரியாகவே இருந்தது. கைகொடுத்தது, ஸ்பிண்டில் லைனர் (ஸ்பிண்டில் துளைக்குள் செருகும் குழாய்) போடச் சொன்ன நண்பரின் யோசனைதான். ஸ்பிண்டில் துளை 52 மி.மீ.; அதற்குள் 16 மி.மீ. ராடு ஆட ஏகப்பட்ட இடம். 17 மி.மீ. உள்விட்டத்தில் நைலான் லைனர் செய்து போட்டோம். இப்போது 3000 ஆர்பிஎம்மிலும் அமைதியாக ஓடுகிறது, ஃபினிஷிங் அருமை.

எதிர்பாராத ஒன்று: இடைவெளி குறைந்ததால், முனையில் பிசிறு உள்ள ராடுகள் லைனர் வாயில் சிக்கின. அதனால் ஏற்றும் முன்பே முனைகளைச் சாம்ஃபர் செய்துவிடுகிறோம் (ஓரத்தைச் சாய்வாகச் சீவிவிடுகிறோம்). வளைந்த ராடு லைனர் இருந்தாலும் அதிரும், அதை நேராக்கித்தான் ஏற்ற வேண்டும். அப்புறம், ராடு சைஸ் மாறினால் லைனரையும் மாற்றியாக வேண்டும், 20 மி.மீ. ராடுக்குத் தனியாக ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறோம்.