பழைய பல்சரின் கழுத்தில் விரிசல்: வெல்டிங் வைத்து ஓட்டலாமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சிக்காரர்

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டைக்கு வேலைக்குப் போய்வர, திருநெல்வேலியில் பழைய வண்டி வியாபாரி ஒருவரிடம் அண்மையில் 2016 மாடல் பல்சர் 150 வாங்கினேன். ஆர்.சி. இன்னும் என் பெயருக்கு மாறவில்லை. பத்தமடை தாண்டி நேர்ச்சாலையில் வேகம் 60-ஐத் தொட்டால் வண்டி இடப்பக்கமாக இழுக்கிறது. டேங்கைக் கழற்றிப் பார்த்தேன். ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துக் குழாயும் கீழே இறங்கும் முன்குழாயும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. அதைச் சுற்றி மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட். “பெயின்ட் வெடிப்புதான் தம்பி, வேண்டுமானால் ஒரு பற்று வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார் வியாபாரி. மகளைப் பள்ளியில் விடுவதும் இதே வண்டியில்தான். வெல்டிங் வைத்தால் போதுமா? திருப்பிக் கொடுக்க வழி உண்டா?

பதில்: பேட்டை லேத் பட்டறை

தம்பி, வண்டியை நிறுத்துங்கள். பிள்ளையை அதில் ஏற்றவே வேண்டாம்.

கோடு பெயின்டில் இருக்கிறதா, இரும்பில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். முதலில் அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உப்புத்தாளால் பெயின்டைத் தேய்த்து எடுத்து, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டுச் சுத்தமாகத் துடையுங்கள். மேலே சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். உள்ளே விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து வந்து பொடியில் கோடு போடும்.

இழுப்புக்கு ஃபோர்க்கும், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாயும், காரணமாக இருக்கலாம். ஃபோர்க் குழாயைக் கழற்றிக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் தூக்கிப் போடும். அது நேராக இருந்தால், பின்சக்கரத்தின் இருபுறமும் நூல் பிடித்து முன்சக்கரம் வரை இழுங்கள். முன் டயர் ஒடுங்கியது, அதனால் இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கும். அது சமமாக இல்லையென்றால் சேஸிலோ (வண்டியின் சட்டம்) ஸ்விங் ஆர்மிலோ (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) கோணல் இருக்கலாம்.

பின்சட்டம் வெடித்தால், சைலன்சர் தாங்கி விட்டுப்போனால் நானே வெல்டிங் வைத்துக் கொடுக்கிறேன். கழுத்தில் வைக்க மாட்டேன், எவ்வளவு பணம் கொடுத்தாலும். முன்பிரேக்கை அழுத்தும்போது பாரமெல்லாம் அந்த மூட்டில்தான் இறங்குகிறது. வெல்டிங் சூடு பக்கத்து இரும்பின் உறுதியைக் கெடுக்கும். பற்றின் ஓரத்திலேயே அடுத்த விரிசல் பிறக்கும். வளைந்த கோணமும் நிமிராது. சேஸ் எண்ணும் கழுத்துப் பக்கம்தான் பொறித்திருக்கும். கிரைண்டர் பட்டு எண் அழிந்தால் திருட்டு வண்டி என்ற சந்தேகம் உங்கள் தலையில் விழும்.

பதில்: பாளை வக்கீல் குமாஸ்தா

பட்டறை அண்ணாச்சி சொன்ன சோதனை முடியும் வரை யாரையும் வெல்டிங் வைக்க விடாதீர்கள். விரிசல்தான் உங்கள் சாட்சி.

விற்றவர் வியாபாரி என்பதால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களுக்கு வழி இருக்கிறது. தெரிந்தவரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் அது உரிமையியல் வழக்காகப் போயிருக்கும். குறையை எழுதி, பணத்தைத் திருப்பிக் கேட்டு, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். மசியாவிட்டால் 1915 என்ற உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டிக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது; மனுப் போடக் கெடு 2 ஆண்டுகள்.

இன்னொன்று: 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். பலர் அங்கேயே இறங்கி வருவார்கள்.

கல்லிடைக்குறிச்சிக்காரர்

மிக்க நன்றி. பொடியில் கோடு தெளிவாக விழுந்தது. படத்தைக் காட்டியதும் வியாபாரியின் பேச்சு மாறியது. பழைய இரும்புக் கடையிலிருந்து வேறு சேஸ் வாங்கி மாற்றித் தருவதாகச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பேட்டை லேத் பட்டறை

கூடாது தம்பி. அந்தச் சேஸில் வேறொரு வண்டியின் எண் இருக்கும், உங்கள் ஆர்.சி.யோடு பொருந்தாது. போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் சேஸ் மாற்றுவதே குற்றம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் கைவிரிக்கும். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வண்டியை ஒப்படைக்கும்போது பெற்றுக்கொண்டதாகத் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.